தொண்ணூற்றாறு சதவீதப் பூசணிக்காய்

அருணாமிட்டா நகராட்சி, பதினொன்றாவது வார்டு, நெசவாளர் தெருவில் வசிக்கும் பொதுமக்களுக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வேண்டாம். திருப்பதியில் இருக்கும் கன்ட்ரோல் ரூமில், சுவர் முழுக்க மாட்டியிருந்த ஸ்கிரீனில், நெசவாளர் தெரு டேங்க் தொண்ணூற்றாறு சதவீதம் நிரம்பியிருப்பதாகப் பச்சை எழுத்தில் காட்டியது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது வேறு விஷயம். அதற்கும் ஸ்கிரீனுக்கும் சம்பந்தம் கிடையாது.

அந்த வேறு விஷயத்தைத் தலையில் சுமந்துகொண்டு திரிந்தவர் பம்ப் ஆபரேட்டர் சிட்டிபாபு. பதினெட்டு வருஷமாக அந்த டேங்க் அவர் பொறுப்பு. காலையில் மோட்டாரைப் போடுவார். கொஞ்ச நேரம் கழித்து ஸ்பானரால் இரும்புக் குழாயை நாலு தட்டு தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். "முக்காவாசி ஏறிச்சி" என்பார். அவர் சொன்னால் முக்கால்தான், மேலே ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு அவர் குடியிருந்ததும் அதே நெசவாளர் தெருவில். ஆகவே தண்ணீர் வராத ஒவ்வொரு நாளும் தெருவுக்கும் பதில் சொல்ல வேண்டும், வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

தெருவாவது பரவாயில்லை. வீட்டில் ரத்தினம்மா இருந்தாள்.

"இருபது நாளா குடத்தத் தூக்கிக்கினு ரயில் லைன் தாண்டிப் போய்க்கினு கீறேன். புருசன் தண்ணி டேங்க் ஆபரேட்டர்னு வெளில சொல்ல முடியல, சிரிக்கறாங்கய்யா" என்றாள் இருபதாவது நாள். சொன்னதோடு நிற்கவில்லை. அவருடைய தலையணை, போர்வை, சொம்பு, தட்டு நாலையும் கொண்டுவந்து வாசலில் வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் வைத்தாள். "குழாய்ல தண்ணி வர்ற அன்னிக்கு நீ உள்ள வா. அதுவரைக்கும் சோறு இங்கயே வரும், துன்னு. வாசப்படி மட்டும் தாண்டாத."

"அடியே, நான் என்னாடி பண்ணேன்?" என்றார் சிட்டிபாபு.

அவர் என்ன பண்ணினார் என்பது அப்போது அவருக்கே தெரியாது. நாம் சொல்லிவிடுவோம்.

ஒரு மாதத்துக்கு முன்னால் நகராட்சி கமிஷனர் ஹரிபிரசாத் ஊரை ஸ்மார்ட் ஆக்குவது என்று முடிவெடுத்தார். ஊரைக் கேட்கவில்லை. எடுத்த உடனே எல்லாவற்றுக்கும் சென்சார் வந்தது. குப்பைத் தொட்டிக்கு, தன்னுள் குப்பை இருக்கிறதா என்று சொல்ல ஒரு சென்சார். சாக்கடைக்கு, தான் ஓடுகிறதா என்று சொல்ல ஒன்று. தெருவிளக்குக்கு, தான் எரிகிறதா என்று திருப்பதிக்குத் தெரிவிக்க ஒன்று. விளக்கு எரியாவிட்டால் கீழே நிற்கிறவனுக்கே தெரியுமே என்று கேட்காதீர்கள். கீழே நிற்கிறவன் நெட்வொர்க்கில் இல்லை.

டேங்குக்கு வந்த சென்சார்தான் எல்லாவற்றிலும் உசத்தி. அது மூடியின் அடியில் உட்கார்ந்துகொண்டு, கீழே தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்கும். குறைந்தால் தானே மோட்டாரைப் போடும், நிறைந்தால் தானே நிறுத்தும். ஆள் தேவையே இல்லை. கையால் மோட்டார் போடும் ஸ்விட்சை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பூட்டையும் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டார்கள். கமிஷனர் அனுமதித்தால் பூட்டு தானாகத் திறக்கும், இல்லாவிட்டால் உளி வைத்தாலும் திறக்காது.

திறப்பு விழா அன்று காலையில் சிட்டிபாபு ஒரு வெண்பூசணிக்காயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மூக்கு, முழி, முறுக்கு மீசை எல்லாம் வரைந்த பூசணிக்காய். புது வீட்டுக்கும் புதுக் கடைக்கும் கட்டுகிறோமே, அந்தத் திருஷ்டிப் பூசணிதான். கமிஷனர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"சிட்டிபாபு, இது அறிவியல் யுகம். திருப்பதியிலிருந்து போட்டோ எடுக்க வராங்க. போட்டோவுல பூசணிக்காய் வரவே கூடாது."

கமிஷனரின் காருக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன. அது அரசாங்கக் கார் என்பதால் அறிவியல் யுகத்தில் சேராது.

சிட்டிபாபுவுக்கு மனசு கேட்கவில்லை. ஊர்க்கண் மொத்தமும் படப்போகிற மிஷினைச் சும்மா விடலாமா? யாரும் பார்க்காத நேரத்தில் ஏணியில் ஏறினார். மூடியின் அடியில் கம்பெனிக்காரர்கள் ஒரு கொக்கி வைத்திருந்தார்கள். ஏதோ கேபிளுக்காக வைத்தது. சிட்டிபாபு அதில் கயிற்றைப் போட்டு, பூசணிக்காயை உள்பக்கமாகத் தொங்கவிட்டார். வெளியே தெரியாது, உள்ளே இருந்து காக்கும். ஒரு கற்பூரமும் கொளுத்திக் காட்டிவிட்டு இறங்கினார். அரை மணி கழித்துக் கம்பெனிக்காரர்கள் வந்து, உள்ளே எட்டிப் பார்க்காமலே மூடியை முடுக்கி, சீல் வைத்து, திறப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று ஸ்டிக்கரும் ஒட்டினார்கள்.

அந்த நிமிஷத்தில் டேங்க் தொண்ணூற்றாறு சதவீதத்துக்கு வந்தது. பிறகு இறங்கவே இல்லை. தண்ணீர்தான் இறங்கியது.

டேங்கில் ஏற்கெனவே இருந்தது நாலு நாளைக்கு வந்தது. ஐந்தாம் நாள் குழாய் காற்றை ஊதியது. ஆறாம் நாள் தெருக்காரர்கள் எல்லாருடைய போனுக்கும் திருப்பதியிலிருந்து செய்தி வந்தது. "உங்கள் பகுதிக்குத் தண்ணீர் வழங்கப்பட்டது. மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா? ஆம் எனில் 1 அழுத்தவும். மிகவும் ஆம் எனில் 2 அழுத்தவும்." வேறு எண் தரப்படவில்லை.

கட்டிலுக்கு மாற்றப்பட்டதற்கு அடுத்த நாள், சிட்டிபாபு நகராட்சி ஆபீசுக்குப் போய் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சபீனாவின் எதிரில் உட்கார்ந்து அழாக்குறையாகக் கேட்டார்.

"சபீனாம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த சென்சாரு தண்ணிய எப்படிப் பாக்குது?"

"பாக்காதுண்ணா. அதுக்குக் கண்ணு கெடையாது. கீழ சத்தம் அனுப்பும். நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். அது எது மேல பட்டுத் திரும்பி வருதோ, அதுதான் தண்ணின்னு நெனச்சிக்கும்."

"எது மேல பட்டாலுமா?"

"எது மேல பட்டாலும்."

சிட்டிபாபுவுக்குப் பூசணிக்காய் ஞாபகம் வந்தது. சத்தத்தை வைத்துத் தண்ணீர் பார்க்கிற வித்தை அவருக்குத் தெரியாததா என்ன. நேராக எழுந்து கமிஷனர் அறைக்குள் போனார். அன்று செவ்வாய்க்கிழமை. கமிஷனரின் குடும்பம் திருப்பதியில் இருந்தது, ஸ்மார்ட் சிட்டி பற்றி அவர் பேசவேண்டிய கருத்தரங்கங்களும் திருப்பதியில்தான் நடந்தன. அதனால் அவர் அருணாமிட்டாவுக்கு வருவது செவ்வாய்க்கிழமை மட்டும்.

"சார், உள்ள பூசணிக்கா கீது சார்."

"எங்கே?"

"டேங்குக்குள்ள. நான்தான் சார் கட்டினேன். அந்த மிசினு பூசணிக்காயத் தண்ணின்னு நெனச்சிக்கினு கீது. அதான் மோட்டாரப் போட மாட்டேங்குது."

கமிஷனர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மத்த ஊர் டேங்கெல்லாம் எத்தனை சதவீதம் காட்டுது, தெரியுமா?"

"நாப்பது, அம்பது கீதாம் சார்."

"நம்ம டேங்க்?"

"தொண்ணூத்தாறு."

"ஜில்லாவுல முதல் இடம் யாருக்கு?"

"நமக்குத்தான் சார்."

"அப்புறம் என்ன குறை உனக்கு?"

"தண்ணி இல்ல சார்."

"தண்ணி இல்லைன்னு எந்த சென்சார் சொல்லுது?"

"என் பொண்டாட்டி சொல்றா சார்."

"உன் பொண்டாட்டி கன்ட்ரோல் ரூமோட கனெக்ட் ஆகியிருக்காங்களா?"

"இல்லீங்க சார்."

"அப்ப அது தகவல் இல்லை, வதந்தி" என்றார் கமிஷனர். ரொம்பப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"ரெண்டு நிமிசம் சார். மூடியத் திறந்து எடுத்துடறேன்."

"சீலை உடைச்சா அலாரம் அடிக்கும். உன் மேல கேஸ் வரும். அப்புறம் தொண்ணூத்தாறு நாலுன்னு ஆயிடும். அந்த நாலுக்கு நான் பதில் சொல்ல முடியுமா?"

"அப்ப மோட்டார கையால போட அனுமதி குடுங்க சார். அந்தப் பூட்டு திறந்தா போதும்."

"மனு கொடு. பரிசீலிக்கலாம்."

மனு கொடுத்தார். சபீனா கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அடுத்த செவ்வாய் பதில் வந்தது: "தங்கள் டேங்க் 96 சதவீதம் நிரம்பியுள்ள நிலையில், மேற்கொண்டு நீரேற்றுவது நீர் விரயத்துக்கு வழிவகுக்கும் என்பதால், மனு ஆட்சேபணையுடன் திருப்பி அனுப்பப்படுகிறது." இரண்டாவது மனுவுக்கும் அதே பதில். மூன்றாவது மனுவுக்கு அதே பதிலோடு, தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு ஓர் அறிவுரையும் சேர்ந்து வந்தது.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு அண்ணாதுரை, ரயில் லைனைத் தாண்டும்போது குடத்தோடு குப்புற விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். தெருவில் அந்த மாதம் மூன்றாவது புத்தூர்க் கட்டு. அந்தக் கையோடு கமிஷனரிடம் போய், "இதப் பாரு சார், தண்ணிக்காக ஒடஞ்ச கை" என்று காட்டினார். கமிஷனர் கட்டை உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, இது சுகாதாரத் துறை சம்பந்தப்பட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சிட்டிபாபு கட்டிலில் படுத்து வேப்பங்கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். தானே செய்த காரியம் தன் தலையில் விழுந்ததே என்று நொந்துபோனார். "திருஷ்டி படக் கூடாதுன்னு கட்டினேன். மொத்தத் திருஷ்டியும் என் மேலயே வுட்டுட்டுச்சி" என்று மரத்திடம் சொன்னார். மரமும் நெட்வொர்க்கில் இல்லை.

இப்படி இருக்கையில் திட்டத்தின் இரண்டாம் கட்டம் வந்தது. அதற்குப் பெயர் ஸ்மார்ட் நாற்காலி.

அதிகாரிகள் ஆபீசில் இருக்கிறார்களா என்று திருப்பதிக்குத் தெரிய வேண்டுமாம். அதற்காக ஒவ்வொரு அதிகாரியின் நாற்காலிக்கும் அடியில் ஒரு சென்சார். எடை இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. எவ்வளவு எடை இருந்தால் அதிகாரி என்று கம்பெனிக்காரர்கள் தீர யோசித்தார்கள். சில ஆபீஸ்களில் ஒல்லிக்குச்சி அதிகாரிகள் நாற்காலி நுனியில் உட்கார்கிறார்கள், அவர்களுக்கு அநியாயம் நடக்கக் கூடாது. ஆகவே பத்து கிலோ இருந்தால் அதிகாரி என்று முடிவானது. கூடவே ஒரு விதியும் வந்தது: அதிகாரி மூன்று வேலைநாள் இருக்கையில் இருந்தும் ஒரு மனுவுக்கு ஆட்சேபணை தெரிவிக்காவிட்டால், அந்த மனு ஏற்கப்பட்டதாகவே கருதப்படும்.

செய்தியைப் படித்த கமிஷனருக்கு வேர்த்துவிட்டது. வாரத்தில் நான்கு நாள் சிவப்பு என்றால் என்ன ஆவது? கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. சிட்டிபாபுவைக் கூப்பிட்டனுப்பி, மறுபடியும் கதவைச் சாத்தினார்.

"சிட்டிபாபு, அன்னைக்கு நீ சொன்னியே... அந்தப் பொருள். எங்கே வாங்கினே?"

"புத்தூர் சந்தை சார்."

"பெரிசா எவ்வளவு எடை வரைக்கும் கிடைக்கும்?"

"பன்னெண்டு கிலோ வரைக்கும் கெடைக்கும் சார். எதுக்கு சார்?"

"அலுவல் நிமித்தம்" என்றார் கமிஷனர்.

சிட்டிபாபு அன்று சாயங்காலமே பன்னிரண்டு கிலோவில் ஒன்று கொண்டுவந்தார். சும்மா கொண்டுவரவும் மனசு வரவில்லை, பழக்கதோஷம், முறுக்கு மீசை வரைந்துதான் கொண்டுவந்தார். கமிஷனருக்கும் மீசை உண்டு. நாற்காலியில் வைத்ததும் அறைச் சுவரில் புதிதாக மாட்டியிருந்த ஸ்கிரீனில் பச்சை எரிந்தது: "ஆணையர், இருக்கையில்." கமிஷனர் கைதட்டாத குறையாகக் குதித்துக்கொண்டு காரில் ஏறித் திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்தார். இனிமேல் செவ்வாய்க்கிழமைகூட வரவேண்டியதில்லை.

புதன்கிழமை காலை சிட்டிபாபு நாலாவது மனுவோடு ஆபீசுக்கு வந்தார். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார். நாற்காலியில் பூசணிக்காய் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"சபீனாம்மா, கமிஷனர் இல்லியே, மனுவ யார்கிட்ட குடுக்கறது?"

"யாருண்ணா இல்லைன்னு சொன்னது? பச்சை எரியுது பாருங்க" என்றாள் சபீனா. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணா, குடுங்க மனுவ. சீக்கிரம் குடுங்க. இன்னிக்கு புதன். வியாழன், வெள்ளி. மூணு நாள்!"

மனு ஏறியது. பூசணிக்காய் புதன்கிழமை ஆட்சேபணை சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சிட்டிபாபு நேரில் போய்ப் பார்த்தார். அதன் முகத்தில் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருடைய போன் அடித்தது. "தங்கள் மனு ஏற்கப்பட்டது." டேங்கடியில் இரும்புப் பெட்டிப் பூட்டு டிக்கென்று தானாகத் திறந்துகொண்டது.

அடேயப்பா, அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லி மாளாது. சிட்டிபாபு ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் ஒரு முறை இருமிவிட்டு ஓடியது. ஸ்பானரை எடுத்துக் குழாயைத் தட்டினார், காது வைத்தார், தட்டினார். "கால்வாசி! அரவாசி! ஏறுதுடா ஏறுது!" என்று தன்னந்தனியாகக் கத்தினார். வால்வைத் திறந்துவிட்டுத் தெருவுக்கு ஓடிவருவதற்குள் தெருவே தெருவில் இருந்தது. குழாய் முதலில் காற்றாக ஊதியது, பிறகு செம்மண்ணாகத் துப்பியது, பிறகு பளபளவென்று கொட்டியது. பெண்கள் குடத்தை மறந்துவிட்டுக் கையை நீட்டி நின்றார்கள். அண்ணாதுரை சந்தோஷத்தில் குழாயடியில் உட்கார்ந்து தலையைக் காட்டினார். கட்டு நனைந்துவிட்டது. மறுபடியும் புத்தூர் போகவேண்டியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டே போனார்.

ரத்தினம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அழுதாளா, தண்ணீர் தெறித்ததா என்று தெரியவில்லை.

"யோவ், என்னாத்துக்கு வெளியவே நிக்கற? கட்டில்ல கீற தலகாணிய எடுத்துக்கினு உள்ள வா."

சிட்டிபாபு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படி தாண்டினார். பெண் வீட்டுக்கு முதன்முதலில் போன அன்றுகூட அவருக்கு அவ்வளவு வெட்கம் வந்ததில்லை.

நல்ல சேதி ஊரில் நிற்குமா? திங்கட்கிழமை நகராட்சி ஆபீசில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. ஆறு வருஷமாகத் திரும்பித் திரும்பி வந்த விதவை பென்ஷன் மனு, பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக் கதவு கேட்ட மனு, செத்துப்போனதாக ரெக்கார்டில் எழுதப்பட்ட ஒருவர் தான் உயிரோடிருப்பதாகக் கொடுத்த மனு, எல்லாம் மூன்றே நாளில் ஏற்கப்பட்டன. உள்ளே இருப்பது யார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

"முன்னாடி இருந்தவரு எரிஞ்சி எரிஞ்சி வுழுவாரு" என்றார் அண்ணாதுரை. "இவரு பேச வுடறாரு. நான் கால் மணி நேரம் பேசினேன், குறுக்க ஒரு வார்த்த சொல்லல."

ஒரு மாதம் ஆயிற்று. திருப்பதியில் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தலை சுற்றியது. அருணாமிட்டா கமிஷனர் காலையிலும் இருக்கையில், மதியமும் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமையும் இருக்கையில். சாப்பிட எழுந்திருக்கவில்லை. ஒரு மனுகூடத் தேங்கவில்லை. இப்படி ஓர் அதிகாரி ஜில்லாவில் இதற்குமுன் பிறந்ததில்லை என்று சொல்லி, விருது அறிவித்துவிட்டார்கள். விருதை எடுத்துக்கொண்டு வெங்கட் என்ற மேலதிகாரி நேரிலேயே கிளம்பினார்.

செய்தி கேட்ட ஹரிபிரசாத், சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, திருப்பதியிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நேராக அறைக்குள் பாய்ந்து பூசணிக்காயைத் தூக்கக் கையை வைத்தார்.

"சார், தூக்காதீங்க!" என்று கத்தினாள் சபீனா. "தூக்கினீங்கன்னா சிவப்பு எரியும். முப்பது நாள் ரெக்கார்டும் போயிடும். யார் எந்திரிச்சாங்க, யார் ஒக்காந்தாங்கன்னு திருப்பதியில கேப்பாங்க. என்னான்னு சொல்வீங்க?"

கமிஷனரின் கை அப்படியே நின்றது. அதற்குள் வெங்கட் மாலையும் சால்வையுமாக உள்ளே வந்துவிட்டார். நாற்காலியைப் பார்த்தார். பூசணிக்காயைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். பையிலிருந்து உத்தரவை எடுத்து மறுபடியும் படித்தார். "ஆணையரை அவரது இருக்கையிலேயே கௌரவித்து, புகைப்படத்துடன் அறிக்கை அனுப்பவும்" என்று தெளிவாக எழுதியிருந்தது. சுவரில் ஸ்கிரீன் பச்சையாக எரிந்தது. வெங்கட்டுக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் பாக்கி. தொண்டையைக் கனைத்துக்கொண்டு பூசணிக்காய்க்கு மாலையைப் போட்டார், சால்வையைப் போர்த்தினார், இரண்டடி பின்னால் வந்து கும்பிட்டார்.

"இவர் யாரு?" என்று பக்கத்தில் நின்ற ஹரிபிரசாத்தைக் காட்டிக் கேட்டார்.

"பொதுமக்கள் சார்" என்றாள் சபீனா.

"அப்ப கைதட்டச் சொல்லுங்க, போட்டோ எடுக்கணும்."

ஹரிபிரசாத் கைதட்டினார். நன்றாகவே தட்டினார். அவருக்கும் நஷ்டம் ஒன்றும் இல்லை. விருதுபெற்ற அதிகாரி என்ற முறையில் அடுத்த வாரமே பதவி உயர்வு வந்து, திருப்பதியிலேயே பெரிய அறை கிடைத்தது. அருணாமிட்டாவுக்கு வேறு கமிஷனரைப் போடவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எப்படிப் போடுவது? நாற்காலியில் ஆள் இருப்பதாக ஸ்கிரீன் காட்டுகிறதே.

இதோடு சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் பூசணிக்காய் என்பது கடைசியில் பூசணிக்காய்தானே. டேங்குக்குள் இருந்தது நல்ல கெட்டிக் காய், ஒரு வாட்டமும் இல்லாமல் தொங்கியது. நாற்காலியில் இருந்தது மாலையின் ஈரம் பட்டோ என்னவோ, இரண்டாம் மாதம் அடிப்பக்கம் கசிய ஆரம்பித்தது. ஒரு நாள் சபீனா போன் பண்ணினாள்.

"அண்ணா, பன்னெண்டு கிலோ இருந்தவரு பத்தே கால்ல நிக்கறாரு. பத்துக்குக் கீழ எறங்கிட்டா சிவப்பு எரியும். அப்புறம் திருப்பதியிலேர்ந்து மனுசனை அனுப்பிடுவாங்க."

சிட்டிபாபு கணக்குப் போட்டுப் பார்த்தார். மனுஷன் வந்தால் முதல் வேலையாகப் பழைய அனுமதிகளைத் தோண்டி எடுப்பான். ஸ்விட்சுப் பெட்டி மறுபடியும் பூட்டிக்கொள்ளும். குழாய் காற்றை ஊதும். வேப்பமரத்தடிக் கட்டில் இன்னும் அங்கேயேதான் கிடந்தது.

தெரு உடனே கூடியது. புது அதிகாரியைப் பொறுக்க மூன்று பேர் கமிட்டி போடப்பட்டது: சிட்டிபாபு, ரத்தினம்மா, அண்ணாதுரை. மூவரும் ஷேர் ஆட்டோ பிடித்துப் புத்தூர் சந்தைக்குப் போனார்கள். பொன்னியம்மா என்கிற காய்க்காரி, மலைபோலப் பூசணிக்காய் குவித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"திருஷ்டிக்கா, கூட்டுக்கா?"

"ஆபீசுக்கு" என்றாள் ரத்தினம்மா.

பொன்னியம்மா பெரிய காய்களாகப் பார்த்து முன்னால் உருட்டிவைத்தாள். அருணாமிட்டாவில் பிறந்த அவள் பேத்தியின் பிறப்புச் சான்றிதழும் அந்த நாற்காலியில்தான் மூன்று நாளில் ஏற்கப்பட்டிருந்தது.

கமிட்டி வேலையை ஆரம்பித்தது. அண்ணாதுரை ஒவ்வொரு காயையும் தலைகீழாகப் புரட்டி, "இது எந்த ஊருக் காயி? நாராயணவனம் பக்கமா, நம்ப பக்கமா?" என்று விசாரித்தார். ரத்தினம்மா காம்பைக் கிள்ளிப் பார்த்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள், வெயிலில் காட்டி மாசு மரு இருக்கிறதா என்று பார்த்தாள். சிட்டிபாபு இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுத்து, ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் தட்டிக் காது வைத்துக் கேட்டார். "இது உள்ள பொள்ளல். இது தண்ணி கோத்துக்கினு கீது. இது வெளிய மினுக்குது, உள்ள ஒண்ணுமில்ல." ஒரு மணி நேரம் ஆயிற்று. முப்பது காயைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்து, அதையும் மறுபடி முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தார்.

பொன்னியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன்யா, போன எலக்சன்ல வாசலுக்கு வந்து கும்பிட்டானுங்களே, அவனுங்கள ஒரு தட்டாவது தட்டிப் பாத்தீங்களா? அப்ப பாத்திருந்தா இப்ப என் காய ஏன்யா போட்டு இந்தத் தட்டு தட்டறீங்க?"

சிட்டிபாபு ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு, பூசணிக்காயைத் தூக்கித் தோளில் வைத்தார். ஷேர் ஆட்டோவில் ஏறியதும் ரத்தினம்மா ஓரமாக நகர்ந்து, அதற்கு நல்ல சீட்டாகப் பார்த்து இடம் விட்டாள்.